வெள்ளத்தில் சேதமடைந்த கிராமத்து வீட்டைச் சரிசெய்ய அரசு உதவி பெறுவது எப்படி?

தாமிரபரணிக் கரையில் உள்ள உங்கள் பூர்வீக வீடும் அதையொட்டிய வாழைத் தோட்டமும் வெள்ளத்தில் சேதமடைந்துவிட்டன, பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, பழுது பார்க்க அரசிடம் பணம் பெற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற முடியும். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எழுதப்போகும் மனு அன்று. தண்ணீர் வடிந்த சில நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலர் வந்து சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் உங்கள் வீட்டுக்கு எதிரே எழுதும் ஒற்றை வரிதான் அதைத் தீர்மானிக்கிறது. இந்தப் பதில் முழுவதும் அந்த வரியைப் பற்றியதே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. ஆறும் குளங்களும் ஒருசேர உடைப்பெடுத்ததில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பல நாட்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் ஓட்டு வீட்டில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் நின்றது. அவருக்காக அலுவலகங்களுக்கு அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தொகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு முக்கால், மாநிலத்தின் பங்கு கால். அந்த நிதியை எதற்கு, எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு மத்திய அரசு வகுத்த விதிமுறை உண்டு. 2022 முதல் 2026 வரைக்குமான விதிமுறைப்படி, சமவெளியில் முழுவதுமாக அல்லது கடுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம் என்றால் குறைந்தது 15 விழுக்காடாவது சேதமடைந்திருக்க வேண்டும். அப்போதும் காரை வீட்டுக்கு 6,500 ரூபாய், மண் வீட்டுக்கு 4,000 ரூபாய் மட்டுமே. வீட்டோடு சேர்ந்த மாட்டுத் தொழுவத்துக்கு 3,000 ரூபாய். ஒரு பக்கச் சுவர் சாய்ந்த வீட்டை நிமிர்த்த 4,000 ரூபாய் எந்த மூலைக்கும் போதாது என்பது கொத்தனார் கூலி தெரிந்த எவருக்கும் புரியும். ஆகவே ‘பகுதி’ என்று எழுதப்படுகிறதா, ‘முழுவதும்’ என்று எழுதப்படுகிறதா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த சில ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

விதிமுறைக்கு மேல் மாநில அரசு தன் பொறுப்பில் கூட்டிக் கொடுப்பதும் உண்டு. 2023 வெள்ளத்துக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களுக்கு முதலமைச்சர் அறிவித்த திட்டத்தில், முழுவதும் இடிந்த வீட்டைப் புதிதாகக் கட்ட 4 லட்சம் ரூபாயும், பகுதி சேதமடைந்த வீட்டைப் பழுது பார்க்க 2 லட்சம் ரூபாய் வரையும் ஒதுக்கப்பட்டன. இத்தகைய அறிவிப்பு அந்தந்தப் பேரிடருக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தானாக வந்துவிடாது. உங்கள் பகுதிக்கு எந்த அரசாணை பொருந்துகிறது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அப்போது குடும்ப அட்டைக்கு நியாயவிலைக் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் வாழ்வாதார நிவாரணம். அதை வாங்கிவிட்டதால் வீட்டுக்கான பணம் கிடையாது என்று எங்கள் ஊரில் பலர் நம்பி மனுவே கொடுக்காமல் இருந்தார்கள். இரண்டும் தனித்தனி.

இனி கணக்கெடுப்புக்கு வருகிறேன். தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்யத்தான் கை துடிக்கும். அதற்கு முன் சுவரில் படிந்திருக்கும் சேற்றுக்கோடு தெரியும்படி, கதவு நிலையோடு சேர்த்துப் படம் எடுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. மூலைகளில் விட்ட விரிசல், இறங்கிய தரை, சரிந்த ஓடு, வெளியே தெரியும் அஸ்திவாரம் என ஒவ்வொன்றையும் தனியாகவும், பிறகு வீட்டு எண் தெரிய முழு வீட்டையும் எடுங்கள். அலுவலர் வரும் நாளில் குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பூட்டிய வீட்டை வாசலில் நின்று பார்த்துவிட்டு எழுதப்படும் குறிப்பைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். நீங்கள் வெளியூரில் இருந்தால் அக்கம்பக்கத்து உறவினரிடம் சாவியைக் கொடுத்து, உள்ளே அழைத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள்.

மண் சுவர் வீடாக இருந்தால் இதை மிகக் கவனமாகப் படியுங்கள். மண் சுவர் தண்ணீர் நிற்கும்போது மட்டுமல்ல, வடிந்த பிறகு வெயிலில் காயும்போதும் விழக்கூடும். அடிப்பகுதி ஊறிக் கரைந்திருக்கும். மேல்பகுதி உலர்ந்து சுருங்கும்போது விரிசல் விரிந்து, ஒரு நாள் சுவர் மொத்தமாக உட்கார்ந்துவிடும். பெரியப்பா வீட்டில் அதுதான் நடந்தது. கணக்கெடுப்பில் ‘பகுதிச் சேதம்’ என்று எழுதிக்கொண்டு போன பிறகு மேற்குச் சுவர் அடியோடு சாய்ந்து, உத்திரத்தையும் ஓட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. பட்டியல் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அலுவலகத்தில் முதலில் சொன்னார்கள். அன்றே எடுத்த படங்களையும் கணக்கெடுப்புக்கு முன் எடுத்த விரிசல் படங்களையும் அருகருகே வைத்து, இது அதே வெள்ளத்தின் தொடர்ச்சியான சேதம், மறு ஆய்வு வேண்டும் என்று வட்டாட்சியருக்கு மனு எழுதினோம். அதன் நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்தோம். வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தார், பதிவு மாறியது. மனுவில் நாங்கள் கண்ணீர்க் கதை எதுவும் எழுதவில்லை. கதவு எண், புல எண், முதல் ஆய்வு நடந்த நாள், சுவர் விழுந்த நாள், கோரும் திருத்தம், அவ்வளவுதான்.

பட்டா தாத்தா பெயரில் இருப்பதால் மனம் தளர வேண்டாம். கிராமங்களில் பல வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர் யார் என்பதைக் காட்ட வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, அதே முகவரியில் உள்ள குடும்ப அட்டை ஆகியவற்றை வையுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் உடனே விண்ணப்பியுங்கள். மற்ற வாரிசுகளின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தை இப்போதே வாங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் பணம் ஒதுக்கப்பட்ட பிறகு சித்தப்பாவும் அத்தையும் உரிமை கோரி வந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டிய வீடு என்றால் நிலைமை வேறு: அனுமதிக்கப்பட்ட கட்டுமானம் என்ற சான்றை விதிமுறை கேட்கிறது. அப்போது மாற்று இடத்தில் மனைப் பட்டா கேட்பதே பயனுள்ள வழி என்று கருதுகிறேன். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பொறுத்தவரை, குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. அந்த வரிசையில் முண்ட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீடு பழைய அரசுத் தொகுப்பு வீடாக இருந்தால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2000-01ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2024-இல் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் அறிவித்தது. அதைப் பற்றி ஊராட்சிச் செயலரிடமோ வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ கேளுங்கள்.

தோட்டத்துக்கான உதவி வீட்டோடு சேராது. தனியாகக் கேட்க வேண்டும். பயிர்ச் சேதம் 33 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் கணக்கில் வரும். மேலே சொன்ன 2022-2026 விதிமுறைப்படி, பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய், இரண்டு எக்டேர் வரை. வாழை என்பதால் தோட்டக்கலைத் துறை அலுவலரையும் அழைத்துக் காட்டுங்கள். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் வாழை என்று பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் கேட்காமல் விடுவது மணல் மேவிய நிலத்துக்கான உதவி: மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்திருந்தால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிகளுக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய் வரை விதிமுறையில் இடம் உண்டு. அளவுகோலை மணலில் ஊன்றி, அங்குலக் கோடு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கறவை மாடு இறந்திருந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். ஆனால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கிவிட வேண்டும்.

மனு கொடுக்கும் இடமெல்லாம் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முடங்கிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போய்விட்டால் அதை மீட்பது தனி அலைச்சல். பயனாளிகள் பட்டியலில் பெயர் விடுபட்டு, காரணமும் சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் வீட்டுக்கான கணக்கெடுப்புப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்த நகல் கைக்கு வந்ததும் அதில் எது தவறாக இருக்கிறது என்று எழுதுங்கள், மனுவை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன்.