கடன் நெரிக்கும்போது பாட்டு கேட்குதா?

கேள்வி: எனக்கு வயது 41. செய்துவந்த தொழில் நொடித்துப்போய்க் கடன்தான் மிச்சம். இரவில் எல்லோரும் தூங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பாட்டுகள் கேட்க உட்கார்ந்தால் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். அந்த நேரம் மட்டும்தான் நெஞ்சில் பாரம் இல்லை. நண்பர் வற்புறுத்தியதால், வார இறுதியில் சேர்ந்து பாடும் ஒரு குழுவுக்கும் போகிறேன். கடைசி வரிசையில் நின்று முணுமுணுப்பதுதான் வழக்கம். போன வாரம் என்னையறியாமல் வாய்விட்டுப் பாடிவிட்டேன். சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தால், "கடன்காரன் வாசலில் நிற்கிறான், உங்களுக்குப் பாட்டு கேட்குதா?" என்றாள் மனைவி. பொறுப்பில்லாமல் ஓடி ஒளிகிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மழைக்கு ஒதுங்குகிறவரை யாரும் கோழை என்பதில்லை. நீங்கள் ஒதுங்கும் இடங்கள் இரண்டு. அவற்றை ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரவுப் பாட்டு தரும் ஆறுதல் நிஜம்தான். ஆனால் அது தூக்கத்தைத் தின்கிறது. தூங்காத ஆள் மறுநாள் கடன்காரரிடம் தவணை பேச முடியுமா? ஒரு நேரம் வைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். சோகப் பாட்டையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழசை அசைபோடுகிறீர்களா என்றும் பாருங்கள்.

குழுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாடும்போது மூச்சை நீளமாக விடுகிறோம், படபடப்பு அதிலேயே பாதி தணியும். பிரிட்டனில் பாட்டு, கைவினை, எழுத்து வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. மற்றவர்களும் போகப்போக நெருங்கினார்கள். பாடியவர்களோ ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். தொழில் போனவருக்கு நாலு பேர் முகத்தைப் பார்ப்பதே பெரும்பாடு, முதல் கேள்வியே "இப்போ என்ன பண்றீங்க?" என்றுதான் வரும். பாட்டுக் குழுவில் அந்தக் கேள்வி வருவதற்குள் நீங்கள் அவர்களில் ஒருவராகிவிடுகிறீர்கள்.

சரி, மனைவி. அவருக்குப் பாட்டின் மேல் கோபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே கடன் அவர் தலையிலும் இருக்கிறது, ஒதுங்கத்தான் இடமில்லை. யாருக்கு எவ்வளவு, எப்போது தர முடியும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். அப்புறம் குழுவுக்குக் கூப்பிடுங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை வீட்டுப் பொறுப்பை நீங்கள் ஏற்று, அவருக்கு விடுப்புக் கொடுங்கள்.

பாட்டுகூட ருசிக்காமல், பசியும் தூக்கமும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.