நாளை மறுநாள் கச்சேரிக்கு இன்று கூப்பிட்டால்

தம்பி, இங்கே வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் உடம்புக்கு முடியாத ஒருவருக்குப் பதிலாக இரண்டாம் வயலினுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசை ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’, ஒரே ஒத்திகை, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர்கோட்டு, வங்கிக் கணக்கு. அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நான் வயலினுக்கு வருகிறேன்.

போங்கள். ஆனால் போனை வைப்பதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று எல்லாவற்றுக்கும் ‘சரி சரி’ போடுவது நம் ஆட்களின் வியாதி. இங்கே கேட்காதவனைத்தான் கத்துக்குட்டி என்பார்கள். எத்தனையாவது டெஸ்க் (இருவர் பகிர்ந்துகொள்ளும் ஸ்டாண்ட்), அதில் உள்பக்கமா, சபையோரை ஒட்டிய வெளிப்பக்கமா, சுருதி (‘ஏ’ ஸ்வரம்) 440 ஹெர்ட்ஸா 442-ஆ, ஒத்திகைக்குத் தனிச் சம்பளம் உண்டா, எந்தப் பதிப்பு? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 1947, 1967 என்று ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உண்டு. போதாததற்கு, இறுதி நடனத்தை ஸ்ட்ராவின்ஸ்கியே 1943இல் திருத்தி, பதினாறாம் பங்கு ஸ்வரத்தில் இருந்த தாளக் கணக்கை எட்டாம் பங்குக்கு மாற்றி எழுதினார். இணையத்தில் கிடைத்த பார்ட்டை (உங்கள் கருவிக்கு மட்டுமான இசைத்தாளை) ராத்திரி முழுக்கச் சாதகம் செய்துவிட்டுப் போனால் ஸ்டாண்டில் வேறொன்று காத்திருக்கலாம். அந்தக் குழு வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று குறிகள் போட்டு வைத்திருக்கும் பார்ட்டையே ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

அது கைக்கு வந்ததும் வயலினை எடுக்காதீர்கள். பென்சிலோடு உட்கார்ந்து ஒலிப்பதிவை ஒருமுறை முழுக்கக் கேளுங்கள், ஏறக்குறைய 35 நிமிடம்தான். ம்யூட் (ஒலியை அடக்கும் சிறு கவ்வி) போடவும் கழற்றவும் எத்தனை பார் (தாளில் இரு கோடுகளுக்கு நடுவிலான கட்டம்) கிடைக்கிறது, விரலால் மீட்டும் பிஸிகாட்டோ எங்கே, நீண்ட ஓய்வுக்குப் பிறகு எந்தக் கருவியைக் காதில் பிடித்து நுழைவது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விரல் தடுக்கும் இடங்களை மட்டும் பாதி வேகத்தில். முழுசையும் திரும்பத் திரும்ப வாசித்தால் கைதான் சோரும். புதுத் தந்தியும் இப்போது மாட்டாதீர்கள், சுருதி நிற்காது.

ஆளைக் கவிழ்ப்பது அந்த இறுதி நடனம். பாருக்குப் பார் 2/16, 3/16, 5/16 என்று, அதாவது இரண்டு, மூன்று, ஐந்து பதினாறாம் பங்கு ஸ்வரங்களாக மாறும். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் நாக்கு குழறும். நம்மிடம் சொற்கட்டு இருக்கிறதே: இரண்டுக்குத் தக, மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தக தகிட. 2/8 வந்தால் அது நான்கு பதினாறுக்குச் சமம், தகதிமி. ஒவ்வொரு பாரின் தலையிலும் பென்சிலால் இரண்டுக்கு ஒரு கோடு, மூன்றுக்கு ஒரு முக்கோணம். வாயால் சொல்லிப் பழகிய பிறகு வில்லைத் தொடுங்கள். தப்பான ஸ்வரத்தை எட்டு ஹார்ன்கள் விழுங்கிவிடும். எல்லோரும் நிறுத்திய இடத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் இழுத்தால் கடைசி வரிசை வரை கேட்கும்.

இரண்டாம் பாகத்தில் 11/4 என்று ஒற்றை பார் வரும், பதினோரு சம அடி. பத்தோடு பாய்பவர்களும் உண்டு, பன்னிரண்டாவதைத் தனியாக அடிப்பவர்களும் உண்டு. குழுவைக் கோலால் நடத்தும் கண்டக்டர் அதை எப்படிப் பிரித்துக் காட்டுகிறார் என்று பக்கத்து ஆளிடம் ஒத்திகைக்கு முன்பே கேளுங்கள்.

உள்பக்கம் உட்கார்ந்தால் தாள் திருப்புவது உங்கள் வேலை, கடைசி ஓரிரு பாரை விட்டுவிட்டாவது திருப்புங்கள். திவிஸி (ஒரு டெஸ்க்கின் இருவரும் ஆளுக்கொரு வரி வாசிப்பது) என்றால் கீழ் வரி உங்களுடையது. பல குழுக்களில் ஒலி கண்டக்டரின் கோலுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். கோலை மட்டும் நம்பினால் முந்திக்கொள்வீர்கள், முன் டெஸ்க்கின் வில் எப்போது தந்தியில் விழுகிறது என்று பாருங்கள். தொலைந்துபோனால் சத்தம் வராமல் வில்லை அசைத்துக்கொண்டு அடுத்த ஒத்திகை எண்ணுக்கு (இடம் கண்டுபிடிக்கத் தாளில் அச்சிட்ட எண்) காத்திருங்கள். டெஸ்க்கில் நல்ல துணை என்றால் எண்ணை முணுமுணுப்பார்.

நம்மவர் யாராவது அமெரிக்கக் கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் கதையை எடுப்பார்கள்: 1943 நவம்பர் 14, அன்று நடத்த வேண்டிய கண்டக்டர் புரூனோ வால்டருக்குக் காய்ச்சல், ஒத்திகையே இல்லாமல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தினார் என்று. அவர் அந்தக் குழுவின் துணைக் கண்டக்டர், இப்படி ஒரு நாளுக்குத் தயாராக இருப்பதே அவர் உத்தியோகம் என்பதைச் சொல்லமாட்டார்கள். அந்த மாதிரி வீரம் பேசுகிறவர்கள்தான் பதிலாளாக வந்து முதல் டெஸ்க்கைவிடச் சத்தமாக இழுப்பவர்கள். அவர்களுக்கு இரண்டாவது அழைப்பு வருவதில்லை.

பார்ட் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். மெல்லிய பென்சில் மட்டும், பேனா கூடாது, அவர்கள் குறிகளை அழிக்கவும் கூடாது. உடை கறுப்பு என்றால் காலுறையும் கறுப்பு. உட்கார்ந்ததும் முதலில் தெரிவது அதுதான்.