நெஞ்செரிவு

அன்புள்ள அக்கா,
உளவியல் படித்துவிட்டு உப்புவெளியில் இருக்கிறேன். உளவியல் சங்கங்களுக்குப் பிராந்தியக் கிளைகள் எப்படி வந்தன? திருகோணமலையில் ஒன்று தொடங்க யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும்? இலச்சினையும் நிர்வாகிகள் பட்டியலும் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

இலச்சினையில் நம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை அழகாக வந்திருக்கிறது, இப்போதைக்கு அதை எடுத்து வை. பட்டியலில் தலைவர் இருக்கிறார், இரண்டு உபதலைவர்கள் இருக்கிறார்கள், எங்கே கூடுவீர்கள், கூடி என்ன செய்வீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்துத்தான் கோபம் வந்தது.

1901இல் லண்டனில் பத்துப் பேர் தொடங்கியது பிரித்தானிய உளவியல் சங்கம். அதன் அவுஸ்திரேலியக் கிளை 1944இல் உருவானது. நம் துறைமுகத்தில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நிறைந்து நின்ற ஆண்டு அது. 1966இல் அந்தக் கிளை அவுஸ்திரேலிய உளவியல் சங்கமாகத் தனியே நின்றது. 1892இல் தொடங்கிய அமெரிக்க உளவியல் சங்கத்திலும் இப்படித்தான், அதன் நியூயோர்க் கிளையிலிருந்துதான் அந்நாட்டின் கிழக்குப் பிராந்திய உளவியல் சங்கம் வளர்ந்தது. தன் ஊரில் செய்ய வேலை இருக்கிற கிளைதான் தனியாக நிற்கும் தங்கச்சி.

இங்கே என்ன வேலை என்று கேட்பாய். 2004 சுனாமிக்குப் பிறகு நிலாவெளிப் பக்கம் ஒரு முகாமில், வெளியிலிருந்து வந்த உளவள ஆலோசகர்களுக்கு நான் மொழிபெயர்த்தேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மா, "நெஞ்சு எரியுது மகள்" என்றா. நான் அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். படிவத்தில் வயிற்றுக் கோளாறு என்று எழுதி, குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அவ அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனா. அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை. பிழை என்னுடையது, எரிகிறது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், விளக்காமல் விட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் சொற்களைச் சேருங்கள். மூதூரில் துக்கத்தை எப்படிச் சொல்கிறார்கள், கிண்ணியாவில் உம்மாமார் எப்படிச் சொல்கிறார்கள், மீன்பிடிக்கிறவர் என்ன சொல்கிறார், சிங்களம் பேசும் அயலவர் என்ன சொல்கிறார். எழுதுங்கள், சொன்னவரிடமே வாசித்துக் காட்டுங்கள், அவர் திருத்தினால் திருத்துங்கள், திரும்பவும் போய்க் கேளுங்கள். கூட்டக் குறிப்பையும் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது?

விண்ணப்பம் யாருக்கு என்று கேட்டிருந்தாய், சரி, அதைப் பிறகு பார்ப்போம். வரும் போயா நாளில் நாலு பேரைக் கூட்டு, நான் ஊரில்தான் இருப்பேன். அந்த அம்மா சொன்னதை முதல் சொல்லாக நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா