செய்முறையைப் படிப்பவர் பொருளைச் செய்து முடிக்க வேண்டுமா?

கேள்வி: குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னி, பொம்மை, பை, தொப்பி செய்யும் முறைகளை எழுதுகிறேன். படங்கள் அழகு என்கிறார்கள். ஆனால் செய்து முடித்ததாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஒருமுறை வந்தவர்கள் அடுத்த செய்முறைக்கு வருவதும் இல்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: படம் ஆளைக் கூட்டி வரும். ஆனால் அவர் திரும்பி வருவது, முதல் பொருள் கையில் முழுதாக முடிந்திருந்தால்தான். பாதியில் விட்டவரைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். எங்கோ எண்ணிக்கை தப்பியிருக்கும். எங்கே என்று தெரியாமல் ஊசியைக் கீழே வைத்திருப்பார். எங்கே தப்பியது என்று அவரே கண்டுபிடிக்கும்படி எழுதுவதுதான் உங்கள் முதல் வேலை.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கண்ணிகளின் (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி) எண்ணிக்கையைப் போடுங்கள். பொம்மைத் தலை என்றால் 6, 12, 18, 24 என்று வளரும். நான்காவது சுற்றுக்கு 'இரண்டு சிங்கிள், ஒரு கூட்டல், இதை ஆறு முறை (24)' என்று எழுதியிருந்தால் (சிங்கிள் என்பது குட்டையான அடிப்படைக் கண்ணி, கூட்டல் என்பது ஒரே கண்ணிக்குள் இரண்டு போடுவது), 23 வந்தவர் அந்த ஒரு சுற்றை மட்டும் பிரித்துத் திருத்திக்கொள்வார். எண் இல்லாவிட்டால் பத்துச் சுற்று தாண்டி, தலை கோணலான பிறகுதான் தெரியும். அப்போது அத்தனையையும் பிரிக்க யாருக்கு மனம் வரும்? அதேபோல, சிங்கிளைவிட உயரமான டபுள் குரோஷே வரிசையின் தொடக்கத்தில் போடும் மூன்று செயினை (சங்கிலிக் கண்ணி) ஒரு கண்ணியாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, கூடாதா என்று கட்டாயம் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் மஃப்ளர் போகப் போகக் குறுகிவிடும்.

பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே' என்பதை பிரிட்டிஷ் முறையில் 'டபுள் குரோஷே' என்பார்கள். இங்கே நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஊசியின் அளவை மில்லிமீட்டரில் கொடுங்கள்.

அடுத்தது இழுப்பு, அதாவது நூலை எவ்வளவு இறுக்கமாகப் பின்னுகிறோம் என்பது. பலரும் இதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. உங்கள் கையில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி வருகிறது என்று வையுங்கள். 100 கண்ணியில் தொப்பியின் சுற்றளவு 50 செ.மீ. இறுக்கமாகப் பின்னுபவருக்கு அதே 10 செ.மீ.க்குள் 22 கண்ணி வரும். அவருடைய 100 கண்ணி 45.5 செ.மீ.யில் முடிந்துவிடும். செய்முறையை ஒரு எழுத்து பிசகாமல் பின்பற்றியும் தொப்பி தலையில் ஏறாது. குறை செய்முறையில் என்றுதான் அவர் நினைப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே 10 செ.மீ.யில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எழுதுங்கள். மாதிரித் துண்டை அதைவிடச் சற்றுப் பெரிதாகப் பின்னி, ஓரத்தை விட்டு நடுவில் அளக்கச் சொல்லுங்கள். கண்ணி கூடுதலாக வந்தால் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி, குறைவாக வந்தால் சிறிய ஊசி. பொம்மைக்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை. உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாத அளவுக்கு இறுக்கம் இருந்தால் சரி.

படங்களைப் பொறுத்தவரை, முடிந்த பொருளுக்கு ஒன்றிரண்டு போதும். மிச்சத்தைக் கை தடுமாறும் இடங்களுக்கு வையுங்கள்: ஊசி எந்தக் கண்ணிக்குள் நுழைகிறது, சுற்று எங்கே முடிகிறது, நிறம் எங்கே மாறுகிறது. கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது. விளக்கப் படத்துக்கு வெளிர் நிற நூலில் தனியாக ஒரு துண்டு பின்னிக்கொள்ளுங்கள். இடக்கைக்காரர்களும் படிப்பார்கள், அதனால் 'வலது கை' என்பதற்குப் பதில் 'ஊசி பிடித்த கை' என்று எழுதலாம்.

எழுதி முடித்ததும், அந்தப் பொருளைச் செய்து பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாக்கியம் மாற வேண்டியிருக்கிறது. வெளியிட்ட பிறகு பிழை தெரிந்தால், எந்தச் சுற்றில் என்ன மாறியது என்று தேதியோடு மேலேயே போடுங்கள். ஏற்கெனவே தொடங்கியவருக்கு அது பெரிய உதவி.

அப்புறம், வந்தவர் அடுத்ததற்கும் வருவதைப் பற்றி. செய்முறைகளை ஒன்றிலிருந்து ஒன்று வளரும்படி வரிசைப்படுத்துங்கள். சிங்கிள் குரோஷேயில் சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். கோப்பைக்கு அடியில் வைக்கும் விரிப்பு தயார். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும், கூடை ஆகிவிடும். அதன் பிறகு குறைக்கத் தொடங்கினால் உருண்டை, அங்கிருந்து பொம்மை. ஒவ்வொன்றிலும் புதிதாகக் கற்க ஒரே ஒரு விஷயம் இருந்தால் போதும். கூடையின் செய்முறையைத் தொடங்கும்போதே 'முதல் எட்டுச் சுற்றும் நீங்கள் விரிப்பில் செய்ததுதான்' என்று எழுதிவிடுங்கள்.