அப்பாவின் டேலியும் மகளின் உபுண்டுவும்

கம்ப்யூட்டர் கேள்வி-பதில். பதில் சொல்பவர், பழைய வண்ணாரப்பேட்டையில் சர்வீஸ் கடை நடத்துகிறவர்.

கேள்வி: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் ஒரே லேப்டாப். விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி. அப்பாவுக்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடை, ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் இதில் இருக்கிற டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான். எனக்குக் கல்லூரி லேபுக்கு லினக்ஸ் வகை சிஸ்டமான உபுண்டு வேண்டும். ஒரு கடையில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் ஃபார்மட் செய்தால்தான் இரண்டும் போட முடியும் என்கிறார்கள். “கணக்கு போச்சுன்னா நீதான் உட்கார்ந்து ஏத்தணும்” என்கிறார் அப்பா. என்ன செய்வது?
– மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: ஃபார்மட் தேவையே இல்லை. முழுசாக அழித்துவிட்டுப் போடுவது கடைக்காரருக்குச் சுலபம், அதனால் சொல்கிறார். விண்டோஸை அப்படியே விட்டு, டிஸ்கில் கொஞ்சம் இடம் பிரித்து உபுண்டுவைப் போடலாம்.

அதற்கு முன் ஒன்று. லேபில் சி புரோகிராமும் ஷெல் கட்டளைகளும் மட்டும்தான் என்றால், விண்டோஸுக்குள்ளேயே உபுண்டுவை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். டிஸ்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் பக்கமே போக வேண்டாம். ஆனால் இந்தப் படிப்புக்கு வந்துவிட்டீர்கள், ஒரு சிஸ்டத்தை நீங்களே நிறுவிப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

முதலில் டேலியின் டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, அப்பாவையே பக்கத்தில் உட்கார வைத்துப் போன மாத பில் ஒன்றைக் காட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். புது லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை அமைப்பான பயாஸில் கை வைத்தால் நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். திருவொற்றியூரிலிருந்து ஒருவர் அந்தத் திரையோடு என் கடைக்கு வந்தார். கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், திறங்கள் என்றேன். எந்தக் கணக்கு என்றே அவருக்குத் தெரியவில்லை. விற்ற கடையில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு மெயில் ஐடியில் தொடங்கிக் கொடுத்திருந்தார். அந்தப் பையன் இப்போது வேலையில் இல்லை. கீ இல்லாமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, நானும்தான். அதனால் உங்கள் லேப்டாப்பின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கீயை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்துங்கள். அது முழுவதும் முடியும்வரை காத்திருங்கள்.

அப்புறம் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுதவும் முடியாது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ஷ்ரிங்க் செய்து சுருக்குங்கள். 100 ஜிபிக்கு 102400 எம்பி என்று கொடுக்க வேண்டும். கிடைக்கும் காலி இடத்தை அப்படியே விடுங்கள், புது டிரைவாக மாற்ற வேண்டாம்.

உபுண்டு 24.04-ஐ இறக்கி, பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். இதற்கு பயாஸில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டியதில்லை. வீடியோக்களில் சொல்கிறார்கள் என்று போய் அணைத்து வைக்காதீர்கள். பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும், ‘டிரை’ என்பதைத் தேர்ந்து வைஃபை, சவுண்டு, டச்பேடு மூன்றும் வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு இன்ஸ்டாலர். அதில் ஒரு திரையில் இரண்டு தேர்வுகள் அடுத்தடுத்து நிற்கும்: ஒன்று விண்டோஸ் பக்கத்தில் போடு என்கிறது, இன்னொன்று டிஸ்கை அழித்துப் போடு என்கிறது. கடைக்கு வரும் அழுகையெல்லாம் அந்த இரண்டாவது தேர்விலிருந்துதான் வருகிறது. கடைசியில் என்னென்ன மாறப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். அதில் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் வகை பார்ட்டிஷன் ஏதாவது ஃபார்மட் ஆகும் என்று இருந்தால் பின்வாங்கிவிடுங்கள். டிஸ்கே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் விஎம்டி என்ற அமைப்பு காரணமாக இருக்கலாம். அதைச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் எழாது. அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஆன் செய்தால் கருப்புத் திரையில் ஒரு மெனு வரும். சும்மா விட்டால் சில நொடியில் உபுண்டுவுக்குள் போய்விடும். காலையில் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா அதைப் பார்த்தால் வீட்டில் சண்டைதான். எனவே பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வையுங்கள். அவருக்கு எல்லாம் பழையபடி இருக்கும். உங்களுக்கு உபுண்டு வேண்டும்போது, ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டித் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸோடு லினக்ஸ் மின்ட் போட்டதிலிருந்து, மின்ட்டிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் தப்பாக ஓடுகிறது. காலை 10 மணிக்கு 4:30 காட்டுகிறது. மதர்போர்டு பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகர், எண்ணூர்

பதில்: பேட்டரி பாவம், அதன் மேல் தப்பில்லை. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் இருக்கிறதே, அதுவே விடை. போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் கிரீனிச் நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மின்ட்டின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி (set-local-rtc) என்ற தேர்வை 1 என்று கொடுங்கள். பிறகு விண்டோஸில் ஒரு தடவை நேரத்தைச் சரிசெய்தால் போதும்.

கேள்வி: அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. மகள் தமிழ் தட்டச்சு பழக அதில் இரண்டாவதாக லினக்ஸ் போடலாமா?
– குடும்பத் தலைவி, வியாசர்பாடி

பதில்: 2011-ல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஜோடியாகவே வந்தது, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் நம்ம சென்னைக் கிளை உருவாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை. இப்போது அதில் இரண்டு சிஸ்டம் வேண்டாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை மட்டும் போட்டு, விசைப்பலகையில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பைச் சேர்த்துக் கொடுங்கள். 2 ஜிபி ரேம் அதற்குக் குறைந்தபட்ச அளவு. தட்டச்சுக்கு ஓடும், பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். கையில் பணம் இருந்தால் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று மாட்டுங்கள். பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள், அடாப்டரில் செருகியே ஓட்டட்டும்.