19 வருஷம் ரப்பர் கொட்டகைல நின்ன யெஸ்டிய வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, எனக்கு குலசேகரம் பக்கம். பக்கத்து வீட்டு மாமா ஓட்டின 1986 மாடல் யெஸ்டி ரோடுகிங் ஒண்ணு அவங்க ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைல 19 வருஷமா நிக்குது. மாமா தவறிட்டாரு. மாமி 40,000 கேக்காங்க. அவங்க பையன் ரெண்டு கிக்குல ஸ்டார்ட் ஆயிரும்னு சொல்றான், ஆனா நான் மிதிச்சா கிக்கர் அசையவே மாட்டேங்குது. வாங்கலாமா? வாங்கினா எங்க இருந்து தொடங்கணும்?

பதில்: முதல்ல அந்த கிக்கர்ல இருந்து காலை எடுங்க தம்பி. இனிமே அத ஒருத்தரும் மிதிக்கக் கூடாது, மாமி பையன்ட்டயும் சொல்லி வைங்க.

இது நான் பட்டு தெரிஞ்சுகிட்டது ஆக்கும். ஒர்க் ஷாப் போட்ட புதுசுல தக்கலை பக்கம் ஒரு வீட்டு சாய்ப்புல கிடந்த ராஜ்தூத்த வாங்கி, அங்கயே முத்தத்துல வச்சு நானும் கூட்டாளியும் மாறி மாறி மிதிச்சோம், கொஞ்ச நேரத்துல கிக்கர் சடார்னு இறங்கிச்சு, ஆகா கொள்ளாமேன்னு சந்தோஷப்பட்டு வீட்டுக்கு கொண்டு வந்து என்ஜின் ஹெட்ட கழட்டினா, துருவுல ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங் உடைஞ்சு அந்தத் துண்டு போர் (பிஸ்டன் ஏறி இறங்குற உருளை) முழுக்க கோடு போட்டு வச்சிருக்கு. நகத்த வச்சு தடவினா படிப்படியா தட்டுது. ரெண்டு நாள் பொறுத்திருந்தா அந்த போர் தப்பிச்சிருக்கும். ஸ்டார்ட் ஆவுதா இல்லயாங்கிறத வச்சு நிக்கிற வண்டிய எடை போடாதீங்க.

வாங்குறதுக்கு முந்தி பேப்பர். மாமா பேர்ல இருக்கிற ஆர்சி புக்க கையில வாங்கி பாருங்க. தனியார் வண்டிக்கு 15 வருஷம், அதுக்கு மேல அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், அப்ப 2001ல ஒருதரம் புதுப்பிச்சிருந்தா 2006ல முடிஞ்சிருக்கும், வண்டி நிப்பாட்டின கணக்கும் அதோட ஒத்துப் போவுது. முடிஞ்ச ஆர்சிய புதுப்பிக்கலாம், ஆனா இன்ஸ்பெக்டர் வண்டிய நேர்ல பாப்பாரு, அதனால ஓடுற நிலைக்கு வந்த பெறகுதான் அந்த வேலை. லேட் ஃபைன், பசுமை வரி எல்லாம் எவ்வளவு வரும்னு நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ உங்க அட்ரஸ் எதுல வருதோ அந்த ஆர்டிஓ ஆஃபீஸ்ல முன்கூட்டியே கேட்டு எழுதிக்கிடுங்க. பரிவாகன்ங்கிற அரசாங்க வெப்சைட்ல நம்பர போட்டு பாருங்க, பழைய வண்டி பல நேரம் அதுல ஏறியே இருக்காது, அப்ப முதல்ல ரிஜிஸ்டர் பண்ணின ஆஃபீஸ்ல சொல்லி ஏத்தணும். மாமா தவறினதால ஃபாரம் 31, இறப்பு சான்று, வாரிசு சான்று வச்சு முதல்ல மாமி பேருக்கு வந்து, அங்க இருந்து 29, 30ல உங்க பேருக்கு வரணும். நம்ம மாவட்டத்துல கேரள நம்பர் வண்டியும் நிறைய கிடக்கு, அப்படின்னா அங்க இருந்து என்ஓசி (தடையில்லா சான்று) வேற. என்ஜின் நம்பர், சேஸ் நம்பர் ரெண்டுக்கும் மேல பேப்பர வச்சு பென்சிலால தேச்சு பிரிண்ட் எடுத்து புக்கோட ஒத்துப் பாருங்க. ஒரு எண்ணு மாறினாலும் கும்பிட்டுட்டு வந்துருங்க. விண்டேஜ்னு பதியலாமேன்னு யாராவது சொல்லுவாங்க, 2021ல வந்த அந்த விதி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு, உங்களுக்கு 2036 ஆவும்.

அடுத்தது அந்தக் கொட்டகை. வண்டி வீட்டுக்குள்ள நிக்கிறது வேற, ஷீட் அடிக்கிற எடத்துல நிக்கிறது வேற. ரப்பர் பால் உறைய ஊத்துற ஃபார்மிக் ஆசிட்டோட ஆவி குரோமியத்தயும் ஸ்போக்ஸையும் சும்மா விடாது, பால் உறையாம இருக்க அமோனியா வச்சிருந்தா அது பித்தளைக்கும் செம்பு வயருக்கும் எமன், பத்தாததுக்கு நமக்கு வருஷத்துக்கு ரெண்டு மழை. அதனால ரிம்முல நிப்பிள் இருக்கிற எடத்த ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. மட்கார்டு அடிப்பக்கம், சென்டர் ஸ்டாண்ட் சேருற எடம், சைலன்சர் அடி இதெல்லாம் கைய விட்டு தடவுங்க. பெயின்ட் நல்லா இருக்கேன்னு நம்பாதீங்க, அது வெளிய தெரியிற சட்டை மட்டும்தான்.

வாங்கியாச்சுன்னா என்ஜின பைய பைய இளக்கணும். ஸ்பார்க் பிளக்க கழட்டுங்க, அந்த ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் சமமா கலந்து ஒரு அரை டம்ளர் விடுங்க, மூணு நாலு நாள் ஊறட்டும், நடுவுல கொஞ்சம் கொஞ்சமா சேத்து விடலாம். அப்பறம் பிளக் இல்லாமலே டாப் கியர்ல போட்டு பின் வீல கையால முன்ன பின்ன ஆட்டுங்க. யெஸ்டில கிக்கரும் கியர் லிவரும் ஒண்ணேதான், கிக்கர உள்ள அமுக்கி திருப்பினா கியர் லிவர், இதுகூட தெரியாம வளைச்சு வச்சவங்க உண்டு. ஒரு விரல் கடை அசைஞ்சா போதும், அன்னைக்கு அதோட விட்டுட்டு மறுநாள் பாருங்க. வாரம் கழிஞ்சும் அசையலன்னா ஹெட்டயும் போரையும் கழட்டி லேத்துக்கு கொண்டு போக வேண்டியதுதான், கயிறு கட்டி வேற வண்டியால இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

டேங்க் மூடிய தொறந்து மோந்து பாருங்க, வார்னிஷ் வாடை வரும், பழைய பெட்ரோல் பிசினா போயிருக்கும். டார்ச் அடிச்சு துரு எவ்வளவுன்னு பாருங்க. டேங்க கழட்டி, அடியில உள்ள பெட்ரோல் டேப்ப எடுத்து ஓட்டைய அடைச்சு, வினிகர் நிறைய ஊத்தி ஒரு நாள் வைங்க, அப்பறம் ஆப்பசோடா கரைச்ச தண்ணில ரெண்டு தரம் அலசி, உடனே காய வச்சு உள்ள ஆயில் தடவிருங்க, ராத்திரி அப்படியே விட்டா நம்ம ஈரத்துக்கு விடியும்போ திரும்ப துரு பூத்துரும். கொட்டகைலதான் ஆசிட் இருக்கேன்னு அத எடுத்து ஊத்தாதீங்க, தோலும் போவும் டேங்கும் போவும். கார்பரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டையான ஜெட்ட கம்பியால குத்தக் கூடாது, ஓட்டை பெருசாயிரும். குளச்சல், முட்டம் பக்கம் எந்த மீன்சாமான் கடைலயும் கிடைக்கிற மெல்லிசு தூண்டில் நரம்பு போதும். கார்பரேட்டர் உள்ள பெட்ரோல்ல மிதக்கிற ஃப்ளோட்ட காதுகிட்ட வச்சு குலுக்குங்க, உள்ள சளக் சளக்னு கேட்டா ஓட்டை விழுந்திருக்குன்னு அர்த்தம்.

இனி ஆயில் சீல். இதத்தான் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. டூ ஸ்ட்ரோக் என்ஜின்ல கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) இருக்கிற அறை காத்து புகாம இருக்கணும், அதோட ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும், 19 வருஷம் நின்னா அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போவும். இடது பக்க சீல் போனா கியர் ஆயில உறிஞ்சி எரிச்சு ஊரே மறையுற மாதிரி வெள்ளைப் புகை விடும், அது தெரிஞ்சு போவும் கவலை இல்ல. டைனமோ இருக்கிற வலது பக்கம் போனாதான் ஆபத்து, புகை கிடையாது, காத்து மட்டும் உள்ள ஏறி கலவை மெலிஞ்சு ஆக்சிலேட்டர குறைச்சாலும் என்ஜின் வேகம் இறங்காது, வண்டி ஆஹா நல்லா இழுக்கேன்னு நீங்க ஆரல்வாய்மொழி வரைக்கும் விரட்டுவீங்க, பிஸ்டன் வழியில பிடிச்சுகிடும். என்ஜின தொறந்தா ரெண்டு சீலையும் மாத்திருங்க, நல்லா இருக்கேன்னு பழசையே போட சொல்ற மெக்கானிக்க மாத்துங்க. 1996ல மைசூர் ஃபேக்டரி நின்ன பெறகும் பழைய யெஸ்டிக்கு பார்ட்ஸ் கிடைக்கும், ஆனா 2022ல வந்த புது யெஸ்டி ஃபோர் ஸ்ட்ரோக், அதுல உள்ளது ஒண்ணும் இதுக்கு சேராது.

வயர எலி கடிச்சிருக்கும், பிளக்குக்கு ஸ்பார்க் வர வைக்கிற பாயிண்ட் பச்சை பிடிச்சிருக்கும், பேட்டரி புதுசு வாங்குறதுக்கு முன்னாடி 6 வோல்ட்டா 12ஆன்னு பாத்துகிடுங்க. டயர்ல பட்டன் (மேல உள்ள வெட்டு) தேயாம முழுசா இருந்தாலும் மாத்தணும், பிரேக் ஷூவும்.

முதல் தரம் ஸ்டார்ட் பண்ணும்போ லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஒரு லிட்டர் மட்டும் ஊத்துங்க. நீங்க ஊத்தின டீசல் எரிஞ்சு பத்து நிமிஷம் புகையும், பயப்படாதீங்க, அதுக்கு மேலயும் வெள்ளையா வந்தா இடது சீல்தான். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ அரிக்கும், ஈரத்தயும் இழுக்கும், அதனால ஹோஸ் புதுசு போடுங்க. ஒரு வாரம் ஓட்டாம விடுறதா இருந்தா டேப்ப அடைச்சுட்டு தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு நிப்பாட்டுங்க.

40,000 கூடுதல் தம்பி. புக் இருந்து, நம்பர் ஒத்து, என்ஜின் முழுசா இருந்தா 25ல பேசுங்க, ஏன்னா அதே அளவுக்கு வேலைக்கும் எடுத்து வைக்கணும். புக் இல்லன்னா ஆக்கர் (பழைய இரும்பு) விலை, அதுவும் பார்ட்ஸுக்கு மட்டும். அந்தக் காலத்து ஆளுங்க ஆர்சி, இன்சூரன்ஸ், ஸ்பேர் சாவி எல்லாம் ஒரே கவர்ல போட்டு பீரோல வச்சிருப்பாங்க, மாமிட்ட அந்தக் கவர கேளுங்க, கிடைச்சா பேரத்துல ரொம்ப கெடுபிடி பண்ணாதீங்க.