கட்டுமானத் தளத்திலிருந்து மழைத்தண்ணீரோடு சேறு வெளியே போவதை எப்படிக் கண்காணிப்பது? தண்ணீரின் கலங்கலை அளக்கும் மீட்டர் மாட்டினால் போதுமா?

போதாது. மீட்டரை நம்பி மொத்த ஆபீஸ் முன்னாலும் திட்டு வாங்கியவன் சொல்கிறேன்.

நீங்கள் புதிதாக வந்த சூப்பர்வைசர், "இசிஎம்-ஐயும் நீயே பாத்துக்க" என்று (இசிஎம் என்றால் தளத்து மண் வெளியே போகாமல் தடுக்கும் ஏற்பாடுகள்) தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் வந்தது. இது சிங்கப்பூர்க் கதை. நான் பொறியாளரும் இல்லை. இசிஎம் பிளான் போட்டுக் கையெழுத்திடும் க்யூஇசிபி ஆட்கள் (மண்ணரிப்புத் தடுப்பு நிபுணர்கள்) யாராவது படித்தால் சண்டைக்கு வராதீர்கள்.

இங்கே சாக்கடை வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் நகர நடுவில் ஓடும் கால்வாய்த் தண்ணீரும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. நாம் விடும் சேறு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரில். அதனால்தான் சிங்கப்பூரின் நீர் வாரியமான பியூபி லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் கூடாது என்கிறது. வெளியேறும் இடத்தில் கேமராவும் உண்டு.

அன்றைக்கு டிசம்பர் மழை, விடியற்காலையிலிருந்து. சுத்திகரிப்புத் தொட்டியின் வாயில் மீட்டர் அளவு நன்றாக இருந்தது. படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கன்டெய்னர் ஆபீஸுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது: "வெளிய டிரெய்ன்ல தே தாரேக் ஓடுது, நீ எங்க இருக்க?" (தே தாரேக் என்றால் இங்கத்திய பால் டீ, கால்வாய்த் தண்ணீர் அந்த நிறம்.) ஓடிப்போய்ப் பார்த்தால் பின்கேட் பக்கம் தளத்தைச் சுற்றி வரும் காங்கிரீட் வாய்க்காலின் கரை உடைந்து கிடக்கிறது. டிப்பர் லாரி ஏறிய இடம். தண்ணீர், சுத்திகரிப்புக்கு முன் சேர்த்து வைக்கும் குளத்துக்கே வராமல் தகர வேலிக்கு அடியில் புகுந்து நேராகக் கால்வாய்க்கு. மீட்டர் பொய் சொல்லவில்லை, அந்தத் தண்ணீர் மீட்டர் பக்கமே வரவில்லை.

மணல் மூட்டை அடுக்கி அடைக்க முக்கால் மணி நேரம். மீட்டிங்கில் கேட்ட ஒரே கேள்வி, "ஓகேன்னு சைன் போட்டது யாரு?" லாரி சப்கானுடையது (துணை ஒப்பந்தக்காரர்), அவரை யாரும் கேட்கவில்லை. என் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. உடைந்த கரையை இரண்டு நாள் முன்பே பார்த்தேன், வெள்ளிக்கிழமை லிஸ்டில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இப்போது மழை தொடங்கினால் ரெயின்கோட்டோடு மேட்டிலிருந்து தண்ணீர் போகிற வழியே நடக்கிறேன். திறந்து கிடக்கும் சரிவில் கேன்வாஸ் பறந்திருக்கிறதா, மண்ணைத் தடுக்கும் துணி வேலியான சில்ட் ஃபென்ஸின் அடிப்பக்கம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா (பாதி இடத்தில் சும்மா தொங்கும்), கேட்டில் லாரிச் சக்கரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பேன். மழைக்கு முன்பே குளத்தை இறைத்துக் காலியாக வைக்க வேண்டும். நிரம்பிய குளம் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். தெளியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. மணல் சில நிமிடத்தில் அடியில் உட்காரும், களிமண் நாள் கணக்கில் மிதக்கும். அதற்குத்தான் மண் துகள்களைத் திரளவைக்கும் மருந்து கலக்கிறோம்.

இன்னொன்று. சில மீட்டர்கள் என்டியூ என்ற கலங்கல் அலகில் காட்டும். அது ஒளி எவ்வளவு சிதறுகிறது என்ற கணக்கு. பியூபி சொல்லும் 50 என்பது வடிகட்டிக் காயவைத்த மண்ணின் எடை. மண்ணுக்கு மண் இரண்டுக்கும் உள்ள உறவு மாறும். உங்கள் தளத்துத் தண்ணீரையே சில முறை லேபுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். சென்சார் கண்ணாடியில் பாசி படிந்தாலும் எண் தாறுமாறாகும்.

"எல்லாம் பிளானிலேயே இருக்கிறதே" என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். இருக்கிறது, ஐயா. பிளானில் டிப்பர் லாரி இல்லை.

அன்றிரவு பத்தரை மணிவரை பம்ப் ஓட்டினேன். டைம்கார்டில் ஏழு மணி என்று போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "உன்னாலதான வந்துச்சு" என்றார்கள். ஓவர்டைம் பற்றி யாராவது தனியாகக் கேள்வி போட்டால் அதற்கும் எழுதுகிறேன், அது இதைவிடப் பெரிய பதில்.